குழாயில் இல்லாத ஓட்டம்

எங்கள் குடிநீர்ப் பிரிவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி யாரேனும் தேடி வந்தால், வாயிற்காவலர் சற்று யோசித்துவிட்டு, "யாரு, நம்ம காதுக்காரரா?" என்று திருப்பிக் கேட்பார். நெடிய, ஒல்லியான உருவம். நடக்கும்போது தலை எப்போதும் இடப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். எதிரே வருபவர் சொல்வதை விட்டுவிட்டு அவர் காலடியில் நடப்பதைக் கேட்பவர் போலத் தோன்றும்.

உண்மையில் அதுதான் அவருடைய வேலை. தோளளவு உயரமுள்ள ஓர் இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை கூர், மறுமுனையில் மரக்குமிழ். கூர்முனையைக் குழாயின் மீதோ வால்வின் மீதோ ஊன்றி, குமிழைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை மூடுவார். மண்ணுக்கடியில் குழாய் எங்கேனும் கசிந்தால் அந்தச் சீறல் கம்பி வழியே ஏறி வரும். தெரு விழிக்கும் முன்பே, வண்டிகளின் இரைச்சல் தொடங்காத விடியற்பொழுதில், இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்து, ஓரிடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவார். வட்டத்தைத் தோண்டுவது அவருடைய மைத்துனரின் வேலை. மனைவியின் தம்பியே தோண்டும் குழுவின் மேஸ்திரியாக வாய்த்ததால், அவர்களுடைய வீட்டுச் சண்டைகளும் சமாதானங்களும் பள்ளத்தின் கரையிலேயே நடந்து முடிந்தன.

இளமையில் அவருக்கு ஒரு நோய் வந்து போயிருந்தது. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. திருமணமான புதிதில் திடீரென்று தூக்கம் அற்றுப்போயிற்று. அளவு கடந்த மகிழ்ச்சி, ஓயாத பேச்சு. ஊரிலுள்ள குழாய்கள் அனைத்தும் வீட்டில் உட்கார்ந்தபடியே தமக்குக் கேட்பதாகவும், ஒரே வாரத்தில் ஊரின் கசிவையெல்லாம் தாமொருவரே அடைத்துவிடப் போவதாகவும் சொன்னார். கடைசியில் நடுச்சந்தியில், நல்ல சாலையைக் கடப்பாரையால் பிளந்துகொண்டிருந்தவரைப் பிடித்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். மனம் எல்லை மீறி உயர்வதும் பிறகு பாதாளத்தில் விழுவதுமான நோய் அது என்றார் அங்கிருந்த மனநல மருத்துவர். லித்தியம் என்ற மாத்திரையைக் கொடுத்து, அடிப்படையில் அதுவும் ஒருவகை உப்புதான் என்று விளக்கினார். அன்று முதல் அந்த வீட்டில் அதற்கு உப்பு என்றே பெயர்.

அதன்பின் அவர் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. இரத்தப் பரிசோதனைக்கு முறையாகச் செல்வார். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படிப்புக்காக வெளியூர் போனாள், நோய் திரும்பவில்லை. உடன் வேலை செய்பவர்கள் நலம் விசாரித்தால், "நான் உப்புப் போட்ட ஆளுங்க. சீக்கிரம் கெட்டுப்போக மாட்டேன்" என்பார்.

அந்த ஆண்டு வடக்குப் பகுதி நீரேற்று நிலையத்தின் மோட்டார் பழுதடைந்தது. புதியது வரும் வரை, கிடங்கில் கிடந்த பழைய பிஸ்டன் பம்பைப் பூட்டினார்கள். மோட்டார் நீரைச் சீராகத் தள்ளும்; பிஸ்டன் பம்போ மூச்சு விடுவதுபோல விட்டு விட்டுத் தள்ளும். ஆகவே அந்தப் பகுதிக் குழாய்களில் கசிவின் சீறலும் விட்டு விட்டுத்தான் கேட்கும். எங்கள் பிரிவில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. காதுக்காரர் செய்த பிழைக்கு வேராக இருந்ததும் இதுவே.

ஒரு காலைப் பொழுதில், பள்ளிக்கூடத்துப் பின்சந்தில் கம்பியை ஊன்றியபோது, "உஸ்... உஸ்..." என்று ஓர் ஓட்டம் கேட்டது. மெல்லிய, தெளிவான, சீரான இடைவெளி கொண்ட ஓட்டம். பம்பின் மூச்சு என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. வட்டமிட்டார். தோண்டினார்கள். குழாய் புதிது போலக் கிடந்தது. சுற்றிலும் ஈரத்தின் சுவடே இல்லை.

"மாமா, இங்க மண்ணு என் தொண்டையை விடக் காஞ்சு கிடக்கு" என்றார் மைத்துனர், பள்ளத்துக்குள் நின்றபடி.

ஒலி குழாயின் வழியே நெடுந்தூரம் ஓடும். எனவே ஒரு காய்ந்த பள்ளம் எந்தக் காதுக்கும் நேரக்கூடியதுதான். ஆனால் அடுத்த தெருவிலும் அதே கதை. அதற்கடுத்த தெருவிலும் அதே. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், புதையல் கிடைத்தால் தெருக்காரர்களுக்குப் பாதிப் பங்கு தரவேண்டும் என்றார். பொறியாளர் காதுக்காரரை அழைத்து, கடிந்துகொள்ளாமல், ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னார்: இன்னொரு பள்ளம் இப்படி ஆனால் கம்பியைச் சிறிது காலம் வேறொருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு இது அவமானமாகப் படவில்லை, புதிராகப் பட்டது. ஓட்டம் கேட்கிறது, தண்ணீர் இல்லை. அப்படியானால் ஓட்டம் எங்கிருந்து வருகிறது? சாப்பிடும்போதும் அதையே யோசித்தார். வீட்டில் வேறு சில தொல்லைகளும் இருந்தன; இவற்றை அதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. காலையில் எழும்போதே தலை கனத்து வலிக்கும். எழுந்து நடமாடிய பிறகு தணியும். தலையணையின் குற்றம் என்று முடிவுகட்டி, வீட்டிலிருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் மனைவியின் தலையணையும் பறிபோயிற்று. குனிந்து கம்பியை ஊன்றிவிட்டு நிமிரும்போது கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை விழும். இரண்டு மூச்சு விடுவதற்குள் விலகிவிடும். அதை வயதின் கணக்கில் எழுதினார். ஓய்வாகப் படுத்திருக்கையில், "பக்கத்து வீட்ல மோட்டார் ஓடுதா?" என்று மனைவியிடம் கேட்பார். ஓடவில்லை என்பாள். சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்பார்.

அவள் ஆயத்த ஆடைக் கடையில் அளவு திருத்தித் தைப்பவள். ஒரு தையல் எங்கே இழுக்கிறது என்பதைத் துணியை விரிக்காமலே விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் பழக்கம் உடையவள். மோட்டார் பற்றிய கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிஸ்டன் பம்பில் தோல் வளையம் தேய்ந்துபோக, ஒரு காலையில் அதை நிறுத்திப் பிரித்துப் போட்டார்கள். வடக்குப் பகுதிக் குழாய்கள் வடிந்து வெறுமையாயின. வால்வுகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்து வரும் பொறுப்பு காதுக்காரருக்கு. பழக்கத்தின் காரணமாக முதல் வால்விலேயே கம்பியை ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தார்.

"உஸ்... உஸ்..."

குமிழை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அதே ஓட்டம். தெருவிளக்குக் கம்பத்தில் ஊன்றினார், அங்கும் ஓடியது. மூடியிருந்த கடையின் சுவரில் ஊன்றினார், சுவரும் ஓடியது. கம்பியைக் கீழே வைத்துவிட்டு விரலால் காதை அடைத்துக்கொண்டார். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

சற்றுத் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனர் அருகில் வந்தார். "தண்ணியே இல்லாத பைப்ல என்ன மாமா கேக்குறீங்க?"

காதுக்காரர் நடைபாதையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். குழாய்கள் தமக்குப் பேசிய அந்தப் பழைய நாட்களும், சந்தியில் பிளந்த சாலையும் அவருக்கு நினைவு வந்தன.

"மறுபடியும் வந்துடுச்சு மச்சான்" என்றார். "அக்காகிட்ட சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று மைத்துனர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் அவர் சிறுவயதில் தாம் உடைத்த கண்ணாடியைத் தாமே கையில் ஏந்திக்கொண்டுபோய்க் காட்டிய இனம். அன்று மதியமே கடைக்குப் போய் அக்காவிடம் அனைத்தையும் கொட்டிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்ததும் முதலில் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் முறையாகத் தீர்ந்திருந்தன. அதுவே அவளைக் குழப்பியது. உப்பை நிறுத்தியிருந்தால் நோய் திரும்பியதற்குக் காரணம் கிடைத்திருக்கும். கணவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவரை ஒரு துணியைப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க தூங்கவே இல்ல. இப்ப நீங்க விடுற குறட்டையில எனக்குத்தான் தூக்கம் போகுது. அன்னைக்கு உங்க பேச்சை நிறுத்த முடியல. இப்ப ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆகுது. இது அது இல்லைங்க. வேற என்னமோ."

"அப்ப சத்தம்?"

"அதைத்தான் போய்க் கேப்போம்."

அவரை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவந்த மனநல மருத்துவர், தலை நரைத்த, மெதுவாகப் பேசும் அம்மையார். காதுக்காரர் குற்றவாளியைப் போல உட்கார்ந்து, காய்ந்த பள்ளங்களில் தொடங்கி விளக்குக் கம்பம் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மையார் இடைமறிக்கவில்லை. அவர் முடித்த பின், அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"அது எதுவும் சொல்லலைங்க டாக்டரம்மா. சும்மா ஓடுது."

"இப்ப ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அது ஓடுற மாதிரியே இந்த மேசையில விரலால தட்டுங்க, பாப்போம்."

அவர் வலக்கை விரலால் தட்டத் தொடங்கினார். அம்மையார் அவருடைய இடக்கை மணிக்கட்டைப் பற்றி நாடியில் விரல் வைத்தார். அறையில் மேசையைத் தட்டும் ஒலி மட்டுமே இருந்தது. சிறிது நேரம் கழித்து, எழுந்து கதவு வரை இரண்டு முறை விரைவாக நடந்து வரச் சொன்னார். வந்து உட்கார்ந்ததும் மீண்டும் தட்டச் சொன்னார். இம்முறை தட்டல் வேகமாக இருந்தது; நாடியும் அதே வேகத்தில் ஓடியது. மனைவி இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லாத சத்தம் இல்ல இது" என்றார் அம்மையார். "உங்க ரத்தம் ஓடுறது உங்களுக்கே கேக்குது. ஏன் கேக்குதுன்னு கண்டுபிடிக்கணும்."

பிறகுதான் தலைவலியைப் பற்றியும், குனிந்து நிமிரும்போது பார்வை மங்குவதைப் பற்றியும் விசாரித்தார். தலையணைகளின் வரலாற்றை மனைவி சொன்னாள். அம்மையார் அப்போதே ஒரு சீட்டு எழுதி, கீழ்த்தளத்தில் இருந்த கண் மருத்துவரிடம் அன்றைக்கே காட்டும்படி அனுப்பினார். காதுக்குக் கேட்பதற்குக் கண்ணை ஏன் காட்ட வேண்டும் என்று படிக்கட்டு இறங்கும்போது காதுக்காரர் மனைவியைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. இருவருக்கும் பயத்தோடு பயமாக, அதை அறியும் ஆவலும் கூடியிருந்தது.

கண் மருத்துவர் இளைஞர். சொட்டு மருந்து விட்டு, விளக்கொளியில் இரு கண்களின் உட்புறத்தையும் நெடுநேரம் பார்த்தார். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் ஒரு சிறு வட்டம். அதன் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். இவருக்கு இரண்டு கண்ணிலும் அது வீங்கிக் கலங்கியிருந்தது. மூளை ஒருவகை நீரில் மிதக்கிறது என்றும், மண்டை ஓடு விரிந்து கொடுக்காது என்றும், உள்ளே அழுத்தம் ஏறினால் அது பார்வை நரம்பின் உறை வழியே கண் வரை வந்து நெருக்கும் என்றும் விளக்கினார். குனியும்போது நெருக்கம் கூடும். அதனால்தான் திரை விழுகிறது. படுத்திருக்கும்போதும் கூடும், அதனால்தான் காலையில் வலி. அந்த அழுத்தத்தில் இரத்தம் நெருக்குண்டு ஓடுவதே சீறலாகக் கேட்கிறது. காதைக் குமிழால் மூடும்போது வெளியோசை அடங்கி உள்ளோசை மேலெழுகிறது.

காதுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அழுத்தம் ஏறினா திறந்துவிட வால்வு இருக்கணுமே. அது எங்க இருக்குங்க?"

இளைஞர் சிரித்தார். அதைப் பிறகு பார்ப்போம் என்றும், முதலில் அழுத்தம் ஏன் ஏறியது என்று அறிய வேண்டும் என்றும் சொன்னார்.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, இரத்தக்குழாய் அடைப்பும் இல்லை. அடுத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி, அதனோடு செங்குத்தாக ஒரு மெல்லிய குழலைப் பொருத்தினார்கள். நீர் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு அழுத்தம். எங்கள் பிரிவிலும் அழுத்தம் அளக்கப் பழங்காலத்தில் இதே முறைதான். குழல் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஏறுகிறதா, நின்றுவிட்டதா என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, அசையாமல் படுக்கும்படி செவிலியர் அதட்டிக்கொண்டே இருந்தார். நீர் இருக்க வேண்டிய அளவை நன்றாகத் தாண்டி ஏறி நின்றது. அந்த நீரைப் பரிசோதித்ததில் கிருமி இல்லை, வேறு குறையும் இல்லை.

எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாக நீக்கிய பின் எஞ்சியது ஒன்றுதான். மிக அரிதாக, ஆண்டுக்கணக்கில் ஒரு தொல்லையும் தராமல் இருந்த பிறகும், லித்தியம் இந்த அழுத்தத்தை ஏற்றிவிடுவது உண்டு. பெரும்பாலோருக்கு வருவதில்லை; வந்து, கவனியாமல் விட்டால் பார்வை போகும். மருத்துவர்கள் இருவரும் கூடிப் பேசி, அந்த மருந்தை விலக்குவதென்று முடிவு செய்தார்கள்.

கண்ணுக்கு ஆபத்து என்றபோது கலங்காதவர் இதைக் கேட்டதும் கலங்கிவிட்டார். மைத்துனர் பார்க்க வந்தபோது, "கசிவைத் தேடி நாங்க ஊரெல்லாம் தோண்டினோம். தண்ணி உங்க தலையில இருந்திருக்கு" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். காதுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மையார் வந்தபோது மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"கண்ணு போனாலும் காதை வச்சுப் பொழச்சுக்குவேங்க. உப்பு போச்சுன்னா நானே இல்ல. அந்தச் சந்தியில நின்ன ஆளை நீங்க பார்த்திருக்கீங்க. அவரு திரும்ப வந்துட்டா?"

அம்மையார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வரலாம். வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் வீட்டுக்கு அனுப்பாம, இங்க வச்சே கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, வேற மருந்துக்கு மாத்தப் போறேன். நீங்களா திடீர்னு நிறுத்தியிருந்தாத்தான் பெரிய ஆபத்து. இன்னொண்ணு. உங்களை இத்தனை வருஷம் நல்லா வச்சது உப்பு மட்டும் இல்ல. அதை ஒரு நாள் விடாம போட்டவர் ஒருத்தர் இருக்காரே, அவரும்தான். அவரு புது மாத்திரையையும் விடாம போடுவாரு."

காதுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள், "போடாம விட்டுடுவேனா நான்?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

பழைய மருந்து படிப்படியாக இறங்க, புதியது படிப்படியாக ஏறியது. தலையின் அழுத்தத்தைத் தணிக்கத் தனி மாத்திரை. அதைத் தின்றால் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. சோடா குடித்தால் சப்பென்று, திறந்து வைத்துப் பல நாளான தண்ணீர் போல இருந்தது. மனைவி நாள்தோறும் அவருடைய தூக்கத்தையும் பேச்சின் வேகத்தையும் கண்காணித்தாள். வீடு திரும்பிய பிறகு, "உப்புப் போட்டாச்சா?" என்ற பழைய கேள்வியின் இடத்தில் புதிய கேள்வி வந்தது. காலையில் அவர் கண் விழித்ததும், "மோட்டார் ஓடுதா?" என்பாள். ஓடுது என்பார். மெதுவா ஓடுது என்றார் சில நாள். ஒரு நாள் வெகுநேரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, "கரண்ட் போயிடுச்சு போல" என்றார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கண்ணின் வீக்கம் வற்றியது. இடக்கண்ணில் பக்கப்பார்வை மட்டும் சிறிது குறைந்தே நின்றுவிட்டது; அது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர்களின் அனுமதிக் கடிதத்தோடு வேலைக்கு வந்தார். பொறியாளர் கம்பியை அவரிடமே கொடுத்தார். ஆனால் அவர் வட்டமிடும் இடத்தில் இன்னொருவரும் கேட்டு உறுதி செய்யவேண்டும் என்றார். நியாயம்தான் என்று காதுக்காரர் ஏற்றுக்கொண்டார்.

வடக்குப் பகுதியில், புதுத் தோல் வளையம் மாட்டிய அதே பிஸ்டன் பம்புதான் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. சலவைக் கடைத் தெருவில் கம்பியை ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தவரின் முகம் மாறியது. விட்டு விட்டு, சீரான இடைவெளியில், ஓர் ஓட்டம். தோண்டும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கம்பியை அசைக்காமல், வலக்கை விரல்களை இடக்கை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

மைத்துனர் குரலைத் தாழ்த்தி, "இது உங்க ஓட்டமா மாமா, பைப் ஓட்டமா?" என்று கேட்டார்.

"நாடி வேகமா ஓடுது. இது அவசரமே இல்லாம ஓடுது" என்றார் அவர். "ரெண்டும் வேற வேற. இந்தா, நீயே கேளு."

மைத்துனர் கேட்டார். பழக்கமில்லாத காது, முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கண்கள் விரிந்தன. வட்டமிட்டார்கள், தோண்டினார்கள். முழங்கால் ஆழத்திலேயே மண் கறுத்து ஈரமாகியது; இன்னும் சற்று ஆழத்தில், இணைப்பின் வாயிலிருந்து தண்ணீர் மூச்சு விடுவதுபோலப் பீறிட்டு மைத்துனரின் சட்டையை நனைத்தது. ஆட்கள் கைதட்டினார்கள்.

மதியம் வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரலில் மகிழ்ச்சி பொங்கியது. அவள் சோறு பரிமாறிக்கொண்டே அந்த மகிழ்ச்சியை உற்றுக் கேட்டாள்: அது எவ்வளவு உயரம் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று. அவர் அதைக் கண்டுகொண்டார்.

"அளவாத்தான் சந்தோஷமா இருக்கேன். பயப்படாத."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லாதது எனக்குக் கேக்கும்."

சாப்பிட்டபின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மைத்துனரின் சட்டை நனைந்த கதையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பள்ளம் முழங்கால் ஆழத்துக்கு வருவதற்குள் அவருடைய பேச்சு தேய்ந்தது. பாதிச் சொல்லில் தூங்கிப்போனார். அவள் அருகில் நின்று சிறிது நேரம் கேட்டாள். பிறகு, அன்றைக்குக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, குறட்டைச் சத்தத்துக்கு நடுவே நிம்மதியாகத் தைக்கத் தொடங்கினாள்.